குற்றவாளிக் கூண்டில் ஒரு மகாராஜா

நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் யோகேஸ்வரி. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் எதிரே உட்கார்ந்துகொண்டு, கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆன்டி, தமிழ்ல ஏதாச்சும் பேசுங்க. இது மலாய்ல சொல்லும்" என்றாள். சட்னி தண்ணியாய் இருக்கிறது என்றேன். கைபேசி கொஞ்சம் யோசித்துவிட்டு, அமைச்சர் விருந்தில் பேசும் மலாயில் அதை அறிவித்தது. இவ்வளவு பணிவாக யாரும் தன் சட்னியைக் குறை சொன்னதில்லை என்பதுபோல் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, இனிமே நீதிமன்றத்துல நமக்கு வேலை இருக்காதுலா" என்று யோகேஸ்வரி வருத்தப்பட்டாள். பிறகு, தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட என் காலத்துக் கதை ஒன்று எழுதித் தரும்படி கேட்டாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக என் காலம் என்று ஒன்று தனியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்ததெல்லாம் ராவ் சாரின் காலம். நான் அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ராவ் சார் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பண்டிதர். இளவயதில் ஆந்திராவுக்குப் போய் இரண்டையும் கரைத்துக் குடித்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிய பிறகுதான், இந்த நாட்டில் சமஸ்கிருதம் தெரிந்த ஆளைத் தேடி யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. தெலுங்கு தெரிந்த ஆளை நீதிமன்றம் தேடியது. காளைமாட்டுத் திருட்டையும் கடைத்தெரு அடிதடியையும் தெலுங்கிலிருந்து மலாய்க்கு மாற்றும் வேலையில் சேர்ந்தார். அந்த வருத்தத்துக்கு மருந்தாக நாடகம் எழுதினார்.

நான் சுங்கை வேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலையில் சேர்ந்தேன். பயிற்சி வகுப்பில் சட்டச் சொற்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றில் முக்கால்வாசியை மறந்துவிட்டேன். ராவ் சார் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை.

நான் சேர்ந்த புதிதில் கிள்ளான் பாசாரில், சந்தையில், நடந்த ஒரு சண்டை வழக்கு வந்தது. மீன் விற்கும் சாட்சி, பக்கத்துக் கடைக்காரர் தன்னைத் திட்டியதை அப்படியே எடுத்துச் சொன்னார். அவருடைய பாட்டன் வரைக்கும் போன திட்டு. எனக்குக் காது சூடாகிவிட்டது. "அவர் கெட்ட வார்த்தை பேசினார்" என்று மலாயில் நாகரிகமாகச் சொல்லி உட்கார்ந்தேன். இடைவேளையில் ராவ் சார் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"மல்லிகாம்மா, சாட்சி 'கெட்ட வார்த்தை'ன்னு சொன்னாரா?"

"இல்ல சார்."

"அப்ப அது உங்க சாட்சியம். நீங்க அன்னிக்கு பாசார்ல இருந்தீங்களா?"

நான் இல்லை. ஆகவே ராவ் சார் தாழ்வாரத்திலேயே நின்று, அந்தத் திட்டு முழுவதையும் மலாயில் எப்படிச் சொல்வது என்று பழக்கினார். கண்ணை மூடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுலோகம் சொல்லும் அதே குரலில் ஒவ்வொரு வார்த்தையாக அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அந்தப் பக்கமாக வந்த வக்கீல் ஒருவர், ஏதோ பாராயணம் நடக்கிறது என்று நினைத்துச் செருப்பு சத்தம் கேட்காமல் மெதுவாக நடந்து போனார்.

"நாம குழாய்ம்மா. தண்ணி எப்படி உள்ள வருதோ அப்படியே வெளிய போகணும். குழாய் இனிக்கவும் கூடாது, கசக்கவும் கூடாது" என்பார். சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். சாட்சி இருமினால் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. சாட்சி முட்டாள்தனமாகப் பேசினால், அதே அளவு முட்டாள்தனம் மலாயிலும் வர வேண்டும். குறைத்தால் அவருக்கு உதவி, கூட்டினால் எதிர்த் தரப்புக்கு உதவி. "தெரியாது" என்றால் "தெரியாது". "எனக்குத் தெரியவில்லையே ஐயா" என்று குழைத்தால் அன்று மாலை எனக்கு அர்ச்சனை நடக்கும்.

பகலெல்லாம் இப்படி அடக்கி வைத்ததை, சாயங்காலம் நாடகத்தில் திறந்துவிடுவார். அவருடைய ராஜாவிடம் யாராவது "சாப்பிட வாருங்கள்" என்று சொன்னால், அதற்குப் பதிலாக ஒரு பக்கம் வசனம் வரும். அதற்குள் சோறு ஆறிவிடும். பழைய சமஸ்கிருத நாடகங்களில் உயர்ந்தவர்கள் ஒரு மொழியும் வேலைக்காரர்கள் வேறு மொழியும் பேசும் வழக்கம் உண்டாம். அதை ராவ் சார் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் நாடகத்தில் தேவர்கள் சமஸ்கிருதம் பேசுவார்கள், ராஜ குடும்பம் தெலுங்கு பேசும், விதூஷகன் மட்டும் நம் கிள்ளான் தமிழில், வாக்கியத்துக்கு வாலாக 'லா' போட்டுப் பேசுவான். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கூட்டம் வந்தது அந்தக் கோமாளிக்காகத்தான். இதை யாரும் ராவ் சாரிடம் சொன்னதில்லை.

மேடையின் பக்க மறைவில் திரைக்கயிறும் கிரீடமும் என் பொறுப்பு. அவர் என்னை வேண்டினார் என்று எழுத ஆசைதான். உண்மையில், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒத்திகைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் எனக்குக் கொஞ்சம் தெலுங்கும் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் புழங்கும் தெலுங்கு.

ராஜா வேஷம் அப்பண்ணாவுக்கு. டெங்கில் பக்கம் லோரி ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இல்லை, சூரி என்று ஒரே மகன். அப்பண்ணாவின் நெஞ்சும் குரலும் கடவுள் ராஜா வேஷத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. ஞாபகசக்திக்கு மட்டும் கடவுளிடம் அன்று சரக்கு இல்லை. இரண்டு வரி சொல்வார், பிறகு மெல்லத் தலையைப் பக்க மறைவுக்குத் திருப்புவார். அங்கே ராவ் சார் நின்று உதட்டை அசைத்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். பார்ப்பவர்கள், ராஜா எதையோ ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷத்து நாடகத்தில், இளவரசன் எய்த அம்பு ஒரு குயவன் மேல் பட்டுவிடும். காவலர்கள் விசாரித்துக்கொண்டே இளவரசனின் வாசல்வரை வந்துவிடுவார்கள். அப்போது ராஜா குறுக்கே வந்து நின்று சொல்ல வேண்டும்: "என் கூரையின் கீழ்ப் பிறந்த குற்றம் என்னுடைய குற்றம். இதற்கு மேல் எந்த வாசலையும் தட்டாதீர்கள்." நாடகமே இந்த இரண்டு வரிக்காக எழுதப்பட்டது. அப்பண்ணா அதை ஒத்திகையில் ஒருநாளும் உருப்படியாகச் சொன்னதில்லை. சில நாள் வாசல் முன்னால் வந்துவிடும், கூரை பின்தங்கிவிடும். சில நாள் கூரையே இருக்காது. "வீட்டைக் கட்டி முடிப்பா முதல்ல" என்று ராவ் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்பு, அப்பண்ணா எங்கள் நீதிமன்றத்துக்கே வந்து சேர்ந்தார், குற்றவாளிக் கூண்டுக்கு. டெங்கில் சந்திப்பு ஒன்றில் அவருடைய லோரி ஒரு மோட்டார் சைக்கிளை இடித்து, ஓட்டி வந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது. லோரியைத் தானே ஓட்டியதாகப் போலீசில் சொல்லியிருந்தார். ஆபத்தான முறையில் ஓட்டிய குற்றம். ஒப்புக்கொண்டால் சிறைக்குப் போக வேண்டிவரலாம். லைசென்ஸ் போவது அநேகமாக நிச்சயம். லைசென்ஸ் போனால் அவருக்குப் பிழைப்பு இல்லை.

அப்பண்ணா சீனர் கடையில் மலாயில் பேரம் பேசி அவர்களையே களைப்படையச் செய்பவர். ஆனால் அன்றைக்கு, தனக்கு மலாய் வராது, தெலுங்கில்தான் வேண்டும் என்றார். ராவ் சார் இருக்கிறார் என்ற தைரியம்.

நீதிபதி மலாய்க்காரப் பெண், இளவயது; மரியாதையாக 'புவான்', நம் 'அம்மா' மாதிரி, என்று கூப்பிடுவோம். பொறுமைசாலி. குற்றம் சாட்டப்பட்டவர் தன் நாடகத்தில் நடிப்பவர் என்று ராவ் சார் முறைப்படி எழுந்து தெரிவித்தார். நீதிபதி சிரித்துக்கொண்டே தலையசைத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் ராவ் சாருக்குத் தெரியாத தெலுங்குக்காரர் வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவழைக்க வேண்டும். அரசாங்கத் தரப்பும் ஆட்சேபிக்கவில்லை.

ராவ் சார் குற்றச்சாட்டை மலாயில் வாசித்தார், பிறகு தெலுங்கில் விளக்கினார். புரிந்ததா? புரிந்தது. ஒப்புக்கொள்கிறீர்களா, விசாரணை கேட்கிறீர்களா?

அப்பண்ணா நிமிர்ந்தார். கூண்டின் கம்பியிலிருந்து கையை எடுத்தார். நெஞ்சு விரிந்தது. "என் கூரையின் கீழ்ப் பிறந்த குற்றம் என்னுடைய குற்றம்" என்றார். ராவ் சார் எங்கே நிறுத்த வேண்டுமென்று தொண்டை வறளச் சொல்லியிருந்தாரோ, அங்கே நிறுத்தினார். "இதற்கு மேல் எந்த வாசலையும் தட்டாதீர்கள்."

கூரையும் வாசலும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் என் இடத்திலிருந்து ராவ் சாரின் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்க்கிற தகப்பன் முகம். கண் கலங்கிவிட்டது அந்த மனிதருக்கு. கலங்கிய கண்ணோடு அதை மலாயில் சொன்னார். அவர் குழாயாக இருந்த வருஷங்களில் அப்படி ஒரு மலாயை நான் கேட்டதில்லை. ஏற்றம், இறக்கம், இடையில் ஒரு மௌனம். கைபேசி பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலை தூக்கினார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அழகா பேசுறாரு" என்றார் நீதிபதி. "ஆக, குத்தத்தை ஒத்துக்கிறாரு. அப்படித்தானே?"

மறுபடி பேனாவை எடுத்தார். அப்போதுதான் ராவ் சாரின் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்தது. ஏன் என்று எனக்கும் அடுத்த நிமிஷமே புரிந்தது. ராஜா இந்த வசனத்தைத் தன் குற்றத்துக்காகச் சொல்வதில்லை. விசாரணை மகனின் வாசலுக்குப் போகாமல் தடுப்பதற்காகச் சொல்கிறார். டெங்கிலில் லோரி ஓட்டும் ஒரு தகப்பனுக்கு இந்த வரி எதற்குத் தேவைப்பட்டது?

சந்தேகத்தைச் சொல்ல மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. லோரி ஓட்டத் தேவையான கனரக லைசென்ஸை சூரி எடுக்காதவன் என்பது ராவ் சாருக்குத் தெரியும். ஆனால் சாட்சி சொல்ல யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் மெல்ல எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் புவான். நான் இந்த வழக்குலருந்து விலகிக்க அனுமதி வேணும். இவர் இப்ப பேசினது நான் எழுதின நாடக வசனம். எதுவரைக்கும் என் பேச்சு, எங்கருந்து இவர் பேச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. அதோட, இதை நான் சரியான முறையில மொழிபெயர்க்கல. அலங்காரம் பண்ணிட்டேன்."

"நாடகமா? என்ன நாடகம்?"

"சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ்ல..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டேன். நிமிர்வதற்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

என் தெலுங்கு எந்த அளவுக்கு என்று நீதிபதி கேட்டார். சாதாரணப் பேச்சுக்குப் போதும் புவான் என்றேன். "அதுதான் வேணும்" என்றார். ராவ் சார் கடைசி வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நீதிபதி நேராகக் கேட்டார்: லோரியை ஓட்டியது யார்?

நான் கேட்டேன். "பருப்பு வெந்துவிட்டதா" என்று கேட்கும் தெலுங்கில். அந்தத் தெலுங்குக்கு ராஜாவாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. அப்பண்ணாவின் நெஞ்சு பழைய அளவுக்கு இறங்கியது. தலை மெல்லப் பின்பக்கம் திரும்பியது, ராவ் சாரின் உதட்டைத் தேடி.

ராவ் சார் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

போலீசில் சொன்ன பொய், எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் இங்கே வரவில்லை. "தெரியாது" என்றார் அப்பண்ணா. நான் மலாயில் "தெரியாது" என்றேன். மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? மறுபடி ராவ் சாரைப் பார்த்தார். கைக்குட்டை அசையவில்லை. தெரியாது. இடித்த பிறகு இறங்கிப் பார்த்தீர்களா? தெரியாது. ஒவ்வொரு தெரியாதையும் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். செய்ய அவ்வளவு கஷ்டமாக இருந்ததும் அதுதான்.

இப்படிப்பட்ட ஒப்புதலை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. மறுபடி விசாரிக்கும்படி போலீசுக்குச் சொல்லி, வழக்கை ஒத்திவைத்தார்.

தாழ்வாரத்தில் அப்பண்ணா ராவ் சாரின் வழியை மறித்தார். அவர் தெலுங்கில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன்.

"உதட்டை ஒரு தடவை அசைச்சிருந்தா போதும் சார். இத்தன வருஷம் எடுத்துக் கொடுத்தீங்க. இன்னிக்கு ஏன் கொடுக்கல?"

"அது நாடகம்ப்பா."

"இது என் பையன் சார்." "தாயில்லாத பையன். அவனை உள்ள தள்ளப் பாக்குறீங்க. இனிமே உங்க ராஜா வேஷத்த வேற எவனாச்சும் போடட்டும்."

ராவ் சார் அன்று கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்கவில்லை. "நான் எழுதினது ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்துச்சும்மா. அதக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க, அதுதான் மோசம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எடுத்துக் கொடுத்திருந்தா தப்பு. கொடுக்காம இருந்ததும் தப்பு மாதிரியேதான் இருக்கு" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அப்பண்ணா மேல்தான் கோபம். தியாகம் செய்யும் ஆண்கள் மேல் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. யாருக்காகச் செய்கிறார்களோ, அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. அந்தப் பையனிடம் யார் கேட்டார்கள்?

நாடகம் தள்ளிப்போனது. அடுத்த தவணைக்குள் போலீஸ் சூரியின் வாசலைத் தட்டிவிட்டது. அப்பா மேலிருந்த குற்றச்சாட்டு விலகி, மகன் மேல் வந்தது. அன்றைக்குக் கூண்டில் நின்றவன் இருபது வயது தாண்டிய ஒல்லிப் பையன். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், தோள் பெரிதாகத் தொங்கியது. அப்பண்ணா பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராவ் சாரும் நானும் தயாராக எழுந்தோம்.

"மொழிபெயர்ப்பாளர் வேணுமா?" என்று அதே நீதிபதி கேட்டார்.

"வேணாம் புவான்" என்றான் மலாயில். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

குற்றச்சாட்டை வாசித்ததும் மலாயிலேயே சொன்னான். "ஒத்துக்கிறேன் புவான். லோரிய நான்தான் ஓட்டினேன். அப்பா வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

அவ்வளவுதான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பண்ணா தலையைத் தூக்கினார். சில மாதச் சிறை கிடைத்தது. கூட்டிப்போகும்போது சூரி அப்பாவைப் பார்த்து, லோரிச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தாழ்வாரத்தில் அப்பண்ணா ராவ் சாரைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி ராவ் சாரைப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார், எப்படிப் பேசினான்னு? யாரும் எழுதிக் கொடுக்கல."

"கேட்டேன்ப்பா" என்றார் ராவ் சார். "எனக்கு அப்படி எழுத வராது."

பத்திரிகைக்காரர்களிடமோ, பேராசிரியர்களிடமோ, சொந்த மனைவியிடமோ ஓர் எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததற்கு நான் சாட்சி. அந்த வாரமே நாடகத்தின் கடைசிக் காட்சியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ராஜா வாய் திறப்பதற்குள் இளவரசனே முன்னால் வந்துவிடுகிறான். அவன் பேச்சைத் தெலுங்கில் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சரிப்படாமல், கோமாளி பேசும் நம் தமிழிலேயே எழுதினார். சாஸ்திரப்படி மகா பாவம். எழுதியதை எடுத்துக்கொண்டு என் காரில் டெங்கிலுக்குப் போனார். அப்பண்ணா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த இடத்துல நான் என்ன பேசணும் சார்?" என்றார்.

"ஒண்ணும் பேச வேணாம். நிக்கணும்."

"வசனம் இல்லாம எப்படி சார் நிக்கிறது?"

"எனக்கும் தெரியலப்பா" என்றார் ராவ் சார். "வந்து நின்னு பாரு."

சூரி இன்னும் சிறையில் இருந்தபோதுதான் நாடகம் நடந்தது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் காவலர்கள் வந்தார்கள். இளவரசன் முன்னால் வந்தான். "அம்ப நான்தான் விட்டேன். அப்பா உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு" என்றான்.

இளவரசன் கோமாளித் தமிழில் பேசியதும் மண்டபமே வெடித்துச் சிரித்தது. ராவ் சார் என் பக்கத்தில் கல்லாகிவிட்டார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போய், ராஜாவின் முகத்தைப் பார்த்தவர்களிடமிருந்து ஒவ்வொருவராக அடங்கத் தொடங்கியது. அப்பண்ணா கிரீடத்தோடு நின்று அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளவில்லை. மண்டபம் முழுக்க அமைதியான பிறகு, இளவரசன் வேஷம் போட்ட அந்தப் பையனின் தலையில் கை வைத்தார். நாடகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை.

"திரையை விடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"இருங்கம்மா" என்றார் ராவ் சார். "பையன்கூட கொஞ்ச நேரம் இருக்கட்டும்."